மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பி ஏற்காட்டில் மிளகு பறிக்க ஏறியபோது சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஏணி சரிந்து விழுந்தான். இடது கால் முறிந்து, ஒட்டியபோது குட்டையாகிவிட்டது. வலது கையில் பிடிமானம் போய்விட்டது. ஒரு முகாமில் பரிசோதித்து 35 சதவீதம் என்று சான்று கொடுத்தார்கள். 40 இல்லாமல் பென்ஷன் கிடையாது என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் காலை மட்டும்தான் அளந்திருந்தார்கள், கையைப் பார்க்கவே இல்லை. மேல்முறையீடு செய்யலாம் என்பதே எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மனு போட்டு, மறுபடி பரிசோதித்து, 47 சதவீதம் ஆனது.

அப்போதிருந்து நாகலூர், செம்மநத்தம், வாழவந்தி பக்கமிருந்தும், கீழே சேலம் டவுனிலிருந்தும் பலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றுக்கு நான் சொன்ன பதில்கள் இவை.

கை கால் முடியாதவர்களுக்கு மட்டும்தானா இந்தச் சான்று?

இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. இப்போது நடப்பில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 21 வகைகள். பார்வை, செவி, கை கால், மனவளர்ச்சிக் குறைபாடு ஆகியவற்றோடு, தசைச்சிதைவு, ஆட்டிசம், மனநோய், பார்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் ரத்தசோகை, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், உயரக் குறைபாடு, கற்றல் குறைபாடு எல்லாம் உண்டு. மனநோய்க்குச் சான்று வாங்கலாம் என்பதே தெரியாத குடும்பங்களை இன்னும் பார்க்கிறேன். பல வருடமாக மாத்திரை சாப்பிடும் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். சிகிச்சைச் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருக்கும். அந்தச் சீட்டுகளை ஆதாரமாகக் காட்டிப் பரிசோதனைக்கு விண்ணப்பிக்கலாம். தயங்க வேண்டாம்.

அது என்ன 40 சதவீதம்? யார் கணக்கிடுகிறார்கள்?

சட்டத்தின் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசல்படி. மருத்துவர் மனதில் தோன்றியதை எழுதுவதில்லை. ஒவ்வொரு வகைக்கும் மத்திய அரசு வெளியிட்ட அளவீட்டு விதிகள் இருக்கின்றன. 2018 ஜனவரியில் வெளியாகி, 2024 மார்ச்சில் திருத்தப்பட்டன. கால் துண்டிக்கப்பட்டவர்களுக்கு 2018 அட்டவணையில் இருப்பதைச் சொல்கிறேன்: ஒரு பாதத்தின் விரல்கள் எல்லாம் போனால் 20, பாதத்தின் நடுவரை போனால் 40, முழங்காலுக்குக் கீழே போனால் எந்த இடம் என்பதைப் பொறுத்து 60 அல்லது 70. சர்க்கரை நோயால் விரல்களை எடுத்தவர்கள் நிறையப் பேர் 20 சதவீதத்தைப் பார்த்து மனம் உடைந்துபோகிறார்கள். அது அட்டவணைப்படி வந்த எண். ஆனால் அதே ஆளுக்குச் சர்க்கரையால் கண் பார்வையும் மங்கியிருந்தால் கதையே வேறு. அதை அடுத்துச் சொல்கிறேன்.

இரண்டு குறைபாடு இருந்தால் இரண்டையும் கூட்டுவார்களா?

அப்படியே கூட்ட மாட்டார்கள், ஆனால் சேர்ப்பார்கள். இதைப் புரிந்துகொள்வது மிக முக்கியம், ஏனென்றால் பிழை அதிகம் நடப்பது இங்கேதான்.

பெரிய எண்ணை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 90-இலிருந்து அதைக் கழியுங்கள். வந்ததைச் சிறிய எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுங்கள். விடையைப் பெரிய எண்ணோடு சேருங்கள். என் தம்பிக்குக் கால் 35, கை 20. 90-இல் 35 போக 55. அதை 20-ஆல் பெருக்கினால் 1100. 90-ஆல் வகுத்தால் 12.2. 35-உடன் சேர்த்தால் 47. நேரடியாகக் கூட்டியிருந்தால் 55 வந்திருக்கும், அது கிடையாது. ஆனாலும் 35-க்கும் 47-க்கும் நடுவில்தான் அவன் பென்ஷன் இருந்தது.

ஆகவே பரிசோதனைக்குப் போகும்போது எல்லாக் குறைகளையும் சொல்லுங்கள். நம் ஆட்கள் டாக்டர் முன்னால் போனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். காலுக்காக வந்தவர், காது கேட்காததைச் சொல்வதில்லை. உடம்பில் எது எது முடியவில்லை என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள்.

ஒரு கண் முழுவதும் போய்விட்டது. கிடைக்குமா?

மற்றொரு கண் நன்றாக இருந்தால் 2018 அட்டவணைப்படி 30 சதவீதம்தான் வரும். அதனால் 40 தேவைப்படும் தொகைகள் கிடைக்காது. ஒரு காது மட்டும் கேட்காதவர்களும் இப்படித்தான் 40-க்குக் கீழே நின்றுவிடுவார்கள். விதி இரண்டு காதையும் பார்க்கச் சொல்கிறது. இதில் மேல்முறையீடு போட்டு அலைய வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் நல்ல கண்ணிலும் பார்வை குறையத் தொடங்கினால் உடனே மறுபரிசோதனைக்குப் போங்கள்.

சான்றுக்கும் அட்டைக்கும் எங்கே விண்ணப்பிப்பது?

யுடிஐடி என்று சொல்லும் தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். போட்டோ, ஆதார், முகவரிச் சான்று, சிகிச்சைத் தாள்கள் வேண்டும். இ-சேவை மையத்தில் செய்யலாம். முடியாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். பதிவு எண் வந்ததும் அதைப் பத்திரமாக எழுதி வையுங்கள். பிறகு அரசு மருத்துவமனையில் அந்தந்தத் துறை மருத்துவர் பரிசோதிப்பார். காது, மனவளர்ச்சி போன்றவற்றுக்கு தனிச் சோதனைகள் உண்டு.

முன்பு ஒரு மாதத்துக்குள் சான்று தர வேண்டும் என்று விதி இருந்தது. 2024 அக்டோபர் திருத்தத்துக்குப் பிறகு அது 3 மாதம். அட்டையின் நிறமும் அந்தத் திருத்தத்தில் உண்டு: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். இன்னொன்று, விண்ணப்பம் முடிவு எடுக்கப்படாமல் 2 ஆண்டு தாண்டினால் செயலற்றுப் போகும், புதிதாகப் போட வேண்டும். பதிந்துவிட்டோம், அழைப்பார்கள் என்று காத்திருப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு மாவட்டத்தில் வாங்கிய சான்று நாடு முழுவதும் செல்லும். திருப்பூரில் வேலை செய்யும் நம்மூர்ப் பையன்களிடம் அங்கே புதிதாக வாங்கச் சொன்னால், சட்டத்தின் 58-ஆம் பிரிவைச் சொல்லுங்கள்.

அப்பா படுத்த படுக்கை. மலையிலிருந்து எப்படிக் கீழே கொண்டுவருவது?

20 கொண்டை ஊசி வளைவு, வண்டி வாடகை, உட்கார முடியாத உடம்பு. இதை நினைத்தே பாதிப் பேர் விண்ணப்பிப்பதில்லை. முதலில் ஏற்காடு பக்கம் சிறப்பு மருத்துவ முகாம் எப்போது வருகிறது என்று நல அலுவலகத்தில் கேளுங்கள். முகாமுக்கும் வர முடியாத நிலை என்றால், போட்டோவும் மருத்துவர் சீட்டும் வைத்து, வீட்டுக்கே வந்து பரிசோதிக்கக் கோரி கலெக்டருக்கு மனு கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் யார் வேண்டுமானாலும் அவர் சார்பில் கொடுக்கலாம், அப்பாவைத் தூக்கி வர வேண்டியதில்லை. மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மாதத் தொகை என்று பல பேர் பல விதமாகச் சொல்கிறார்கள். எது எனக்கு?

இரண்டு துறைகள் தருகின்றன. குழப்பம் அதனால்தான்.

முதலாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. 2023 ஜனவரியில் 2,000 ரூபாய் ஆனது. மனவளர்ச்சிக் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும், கடும் பாதிப்பு 75 சதவீதமும் அதற்கு மேலும், தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து குணமானவர்கள், முதுகுத்தண்டு காயம், பார்கின்சன், தண்டுவட மரப்பு நோய் உள்ளவர்கள், இவர்களுக்கானது. இதற்குக் குடும்ப வருமான வரம்பு இல்லை. மகன் சம்பாதிக்கிறான் என்று சொல்லி இதை மறுக்க முடியாது.

இரண்டாவது, வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். மக்கள் இதையும் ஓஏபி (முதியோர் உதவித்தொகை) என்றே சொல்வார்கள். தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தாரிடம் இருப்பது. 18 வயது முடிந்து, 40 சதவீதம் இருக்க வேண்டும். விஏஓவும் (கிராம நிர்வாக அலுவலர்) ஆர்ஐயும் (வருவாய் ஆய்வாளர்) வீட்டு நிலைமையை விசாரிப்பார்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான திட்டத்தில் வருபவர்களுக்கு மட்டும் 80 சதவீதமும் வறுமைக்கோடும் தேவை. அந்த 80-ஐ எல்லாருக்கும் பொருத்தி, 50 சதவீதக்காரரைத் திருப்பி அனுப்புவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எந்தத் திட்டத்தின் கீழ் மறுக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இந்த ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,500 ஆனது. அதே ஆண்டு முதியோர் தொகை 1,200 ஆனது. இரண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தரச் சொல்கிறது. 1,200-க்கு 25 சதவீதம் 300. கூட்டினால் 1,500. யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை அந்த 300 ரூபாய்.

இரண்டையும் வாங்கலாமா?

கூடாது, ஒன்றுதான். தெரியாமல் இரண்டு வாங்கினால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். தகுதி இருந்தால் 2,000-ஐத் தேர்ந்தெடுங்கள்.

அலுவலகத்தில் "உங்களுக்கு வராதுங்க" என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

எழுதித் தந்தார்களா? நான் எல்லாரிடமும் முதலில் கேட்பது இதைத்தான். பத்தில் எட்டுப் பேர் இல்லை என்பார்கள்.

வாயால் சொன்ன மறுப்பை எதிர்த்து எங்கேயும் போக முடியாது. காகிதத்தில் இல்லாததை எந்த மேலதிகாரியும் ரத்து செய்ய மாட்டார். அதனால் விண்ணப்பத்தை முறையாகக் கொடுங்கள். இ-சேவையில் போட்டால் எண் வரும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கு ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். முன்பு இதற்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் இருந்தது, 2025-இல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. ஏற்காடு தபால் நிலையத்தில் அதற்காகக் காத்திருந்த ஒரு மத்தியானம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சின்ன அட்டைதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

பதிலே வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, "இந்தத் தேதியில் கொடுத்த என் மனுமீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்" என்று ஒரே வரி எழுதிப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் அந்த மனு போன பிறகுதான் கோப்பையே தேடி எடுக்கிறார்கள்.

சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள். எப்படி மேல்முறையீடு செய்வது?

சட்டத்தின் 59-ஆம் பிரிவு இதற்குத்தான். சான்று அல்லது மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 90 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். நாங்கள் 71-ஆம் நாள் கொடுத்தோம். மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரிக்கு முகவரியிட வேண்டும். அவருடைய பதவிப் பெயரையும் முகவரியையும் நல அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்கும், தானாகச் செயல்பட முடியாதவர்களுக்கும் பெற்றோரோ பாதுகாவலரோ கொடுக்கலாம். உங்கள் தரப்பைக் கேட்டு, கூடியவரை 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மனு நீளமாக இருக்கத் தேவையில்லை. வறுமையை விவரித்து நாலு பக்கம் எழுதுகிறார்கள். அது படிப்பவரை உருக்கலாம், சதவீதத்தை மாற்றாது. எது அளக்கப்படவில்லை, எது தவறாக அளக்கப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"எனக்கு வழங்கப்பட்ட சான்றில் இடது கால் குறைபாடு மட்டும் கணக்கிடப்பட்டு 35 சதவீதம் எனக் குறிக்கப்பட்டுள்ளது. அதே விபத்தில் என் வலது கை நரம்பு பாதிக்கப்பட்டு, பொருளைப் பிடிக்க இயலாத நிலையில் உள்ளேன். இது பரிசோதிக்கப்படவில்லை. கைக்கான சிகிச்சைக் குறிப்பும் நரம்புச் சோதனை அறிக்கையும் இணைத்துள்ளேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி, இரண்டு குறைபாடுகளையும் சேர்த்து என்னை மறுபரிசோதனை செய்ய வேண்டுகிறேன்."

சான்றின் நகல், விபத்து நேரத்து டிஸ்சார்ஜ் சீட்டு, புதிய அறிக்கைகள் ஆகியவற்றை இணையுங்கள். மூலத்தை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். மறுபரிசோதனையில் எண் கூடலாம், அதே எண்ணும் வரலாம், குறையவும் கூடும். 42 வாங்கியவர் 50 வேண்டும் என்று மேல்முறையீட்டுக்குப் போகுமுன் நன்றாக யோசிக்கட்டும். 50-இல் அவருக்குக் கூடுதலாக ஒன்றும் திறக்கப் போவதில்லை.

சான்று சரி, ஆனால் பென்ஷனை மறுத்துவிட்டார்கள். அல்லது நிறுத்திவிட்டார்கள்.

இது வேறு பாதை, மருத்துவர்களுக்கு இதில் வேலை இல்லை. தாசில்தாரின் உத்தரவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் போங்கள், அங்கும் சரிவராவிட்டால் கலெக்டர். திடீரென்று நின்றுபோனால் சண்டைக்கு முன் வங்கிக் கணக்கைப் பாருங்கள். ஆதார் இணைப்பு விட்டுப்போனது, கணக்கு முடங்கியது, கள விசாரணை அன்று ஆள் வீட்டில் இல்லை என்று எழுதியது, இப்படிச் சின்னக் காரணங்களே அதிகம். காபி பழம் பறிக்கும் சீசனில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், விஏஓ வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

அங்கேயும் நியாயம் கிடைக்கவில்லை என்றால்?

சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். தபாலில் புகார் அனுப்பலாம். அவருக்கு ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அலுவலகம் 3 மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்து அவருக்குத் தெரிவிக்க வேண்டும். உயர் நீதிமன்றம் போக வேண்டிய நிலை வந்தால் பயப்படாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

மகனுக்கு 18 ஆகிவிட்டது, மனவளர்ச்சிக் குறைபாடு. இனி நான் கையெழுத்துப் போடலாமா?

18-க்குப் பிறகு பெற்றோர் தானாகச் சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலர் சான்று தரும். வங்கியில் பிரச்சினை வந்த பிறகு ஓடாமல், 18 ஆனவுடனே விண்ணப்பியுங்கள்.

எஸ்டேட்டில் வேலை செய்யும்போது அடிபட்டேன். பென்ஷன் வாங்கினால் நஷ்டஈடு போய்விடுமா?

போகாது. அரசு தருவது உதவி, முதலாளி தர வேண்டியது இழப்பீடு. இரண்டும் தனித்தனி. தினக்கூலி என்பதால் உரிமை இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் விபத்து நடந்த பிறகு சட்டம் சொல்லும் காலக்கெடுவுக்குள் கோர வேண்டும். மேஸ்திரி பார்த்துச் செய்வார் என்று காத்திருந்து இந்தக் காலத்தைத் தவறவிட்டவர்கள் மலையில் நிறைய. சேலத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ள ஆலையில் வேலை என்றால் இழப்பீடு இஎஸ்ஐ வழியாக வரும். அவர்களுடைய மருத்துவக் குழுவும் மேல்முறையீடும் தனி.

பணம் கொடுத்தால் சதவீதம் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

போகாதீர்கள். சான்றுக்குக் கட்டணமே இல்லை. பொய்யாகச் சலுகை பெற்றால் 91-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது உங்கள் கையெழுத்து, அவர் பெயர் எங்கேயும் இருக்காது.

பஸ்ஸுக்குக் காசு தர வேண்டுமா?

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பிக்கு இப்போது தொகை வருகிறதா?

வருகிறது. 47 சதவீதச் சான்றோடு தாலுகா அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பித்தோம். அனுமதி கிடைத்த மாதத்திலிருந்துதான் கொடுத்தார்கள். 35 என்று எழுதிய நாளிலிருந்து கணக்கிட்டு நிலுவை கேட்டோம், கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் அவன் மகளின் பள்ளிச் செலவுக்காக அடகு வைத்த கம்மலைப் போன தையில்தான் மீட்டோம்.